கடைசி வாங்கில் மகளுடைய முறை

"உனக்கேன் புள்ள இந்த விடுப்புக் கேள்வியெல்லாம்? சாப்பிட்டியா, பள்ளிக்குப் போனியா, அதோட நிப்பாட்டு. உன்ட அம்மா கம்பஸில ஒரு வருசம் கூடப் படிச்சது ஏனெண்டு கேக்க நீ என்ன கச்சேரிக் கந்தோரில இருந்து விசாரணைக்கா வந்திருக்காய்?"

போன வெள்ளிக்கிழமை தொலைபேசியில் என் பேத்திக்கு நான் கொடுத்த ஏச்சு இது. பனி கொட்டுகிற ஊரில் இருக்கிறாள். ஏச்சுக்குப் பயப்படுகிற பிள்ளை இல்லை. ஏசினால் சிரிப்பாள். சிரித்து முடித்து அடுத்ததைக் கேட்டாள்.

"அம்மம்மா, நீங்களும் கம்பஸுக்குப் போனீங்களாமே? அம்மா சொன்னவ."

போனேன்தான். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நேரே பல்கலைக்கழகக் கம்பஸுக்குப் போனேன். இடையில் கிடக்கிற வகுப்புகள் எல்லாம் எனக்கு எதற்கு?

அவளுக்கு அன்று சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். அவளுக்குத் தமிழ் கதைக்கத்தான் தெரியும், வாசிக்கத் தெரியாது. ஆகவே பயமில்லை.

சோக்கட்டி நின்ற நேரம்

நீளமான மண்டபம். மேலே காற்றாடி, ஆனால் சுற்றவில்லை. நான் கடைசி வாங்குப் பலகையில், சுவரோடு ஒட்டி, கையில் பன்பையோடு இருந்தேன். நல்ல சேலைதான் உடுத்திருந்தேன். முன்வாங்குப் பிள்ளைகள் ஒவ்வொன்றாகத் திரும்பிப் பார்த்துவிட்டு ஒன்றையொன்று இடித்துக்கொண்டன.

புவியியல் சேர் கரும்பலகையில் எதையோ வளைத்து வளைத்துக் கீறிக்கொண்டிருந்தார். எனக்கு அது பாகற்காய் மாதிரித் தெரிந்தது. பிள்ளைகளின் சலசலப்புக் கேட்டுத் திரும்பினார். சோக்கட்டி அப்படியே கையில் நின்றது.

"அம்மா, நீங்க ஆரைப் பாக்க வந்தீங்க?"

"ஒருத்தரையும் பாக்க வரல்ல சேர். வதனாட முறைக்கு வந்திருக்கன். நான் அவட அம்மா."

"வதனா?"

"அவவுக்குச் சுகமில்ல. நீங்க நடத்துங்க. நான் பேசாம இரிப்பன். வெத்திலையும் போட மாட்டன்."

வகுப்பு சிரித்தது. சேர் சிரிக்கவில்லை. அவருடைய கண் இரண்டாவது வாங்குக்குப் போய் வந்தது. அங்கே சுவர்ப் பக்கம் இரண்டு பேர் இருக்கக்கூடிய இடம் வெறுமையாகக் கிடந்தது. முழு வகுப்பும் நெருக்கி இருந்தது. அந்த இடத்தில் மட்டும் ஒருவரும் இருக்கவில்லை.

"இருங்க அம்மா" என்று சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பினார்.

வாய்க்கால் ஆள் பார்க்காது

எனக்கு விசர் என்று நினைக்கிறீர்கள். பொறுங்கள்.

எங்கள் வீடு செங்கலடியில். வயல் உன்னிச்சைக் குளத்துக்குக் கீழே, வட்டை என்கிற வயல்வெளிக்குள் ஒரு துண்டு. குளத்தைத் திறந்தால் எல்லா வயலுக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் போகாது. வட்டை விதானை முறை வைப்பார். இந்த வயலுக்கு இத்தனை மணித்தியாலம், பிறகு அடுத்த வயலுக்கு. உங்கள் முறைக்கு வாய்க்கால் வாயில் ஓர் ஆள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்து வயல்காரர் மண்கட்டியைக் காலால் மெல்லத் தள்ளிவிட்டு, "தண்ணி தானா வந்த" என்பார்.

ஆர் இருக்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் என்றால் நான் இருப்பேன். பக்கத்து வளவுப் பூமணி மச்சாள் பிள்ளை பெறப் போன நேரம் அவளுடைய முறைக்கும் நானே இருந்தேன். தண்ணீர் நின்று என் முகத்தைப் பார்த்து, "நீ பூமணி இல்லையே" என்று சொல்லவில்லை. பூமணியின் வயலுக்கு ஒழுங்காகப் போனது.

வதனாவின் விசயம் எனக்கு இப்படித்தான் விளங்கியது. அவளோடு படித்த பிள்ளை ஒன்று வீடு தேடி வந்து சொன்னது.

"மாமி, வதனாக்கு எல்லாப் பாடமும் முடிஞ்சு. ஒண்டே ஒண்டுதான் மிச்சம். மூண்டு கிரெடிட்."

"அதென்ன மனே கிரெடிட்?"

"வகுப்பில இவ்வளவு மணித்தியாலம் இரிக்கோணும் எண்டு ஒரு கணக்கு. வரவு குறைஞ்சா சோதனைக்கு விடமாட்டாங்க. சோதனை இல்லாட்டிப் பட்டம் இல்ல. இவ்வளவு வருசம் படிச்சதும் சும்மா."

மணித்தியாலக் கணக்கு. முறை. போய் இருக்க ஓர் ஆள். இதைவிட எனக்குத் தெரிந்த வேலை உலகத்தில் என்ன இருக்கிறது? அடுத்த நாள் காலமை பஸ் ஏறினேன்.

ரீற்றாவின் சட்டை

வதனாவுக்கு என்ன சுகமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சொல்லாமல் போகலாம் என்றுதான் பார்த்தேன்.

ரீற்றா என்று ஒரு பிள்ளை. கல்லடிக் கடற்கரைப் பக்கத்து வேதக்காரப் பிள்ளை. கம்பஸில் முதல் நாள் தொட்டு வதனாவும் அவளும் ஒரே வாங்கு. எங்கள் வீட்டுப் பொங்கலுக்கு அவள் வருவாள். அவள் வீட்டு நத்தாருக்கு, கிறிஸ்மசுக்கு, இவள் போவாள். போனால் இரண்டு நாள் நின்று, கேக்கும் கொக்கிஸ் பலகாரமும் ஒரு பெட்டியில் கொண்டு வருவாள். கொக்கிஸ் உடையாமல் வந்து சேர்ந்ததே இல்லை. ரீற்றாவுக்குக் கட்டத் தெரியாது என்று நான் பகிடி பண்ணுவேன்.

அந்த நத்தாருக்கும் போனாள். அடுத்த நாள் பறுவம், முழு நிலா, ஞாயிற்றுக்கிழமை. கடல் வந்தது.

வதனா ஒரு லொறியில் வந்து இறங்கினாள். காலில் செருப்பில்லை. உடம்பில் ரீற்றாவின் வீட்டுச் சட்டை, நீலத்தில் வெள்ளைப் பூப் போட்டது. ரீற்றா வரவில்லை. பிறகும் அவளை ஒருவரும் காணவில்லை.

அந்தச் சட்டையைத் தோய்க்க என்னை விடவில்லை. மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டாள். சோறு கொடுத்தால் சாப்பிடுவாள். வாசல் கூட்டுவாள். கிணற்றில் தண்ணீர் அள்ளுவாள். வாயில் இருந்து வருவது இரண்டே சொல். ஓம். வேணாம்.

கம்பஸ் திறந்தது. அவளுடைய பை ஆணியில் தொங்கியபடியே தொங்கியது.

நான் பகிடிக்காரி. ஊரில் செத்த வீட்டிலும் சிரிக்க வைத்துவிடுவேன் என்று என்னைத் தூரத்தில் இருத்துவார்கள். என் பகிடிக்கு வதனா வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பாள், பல்லு எடுப்பென்று அவளுக்கு ஒரு நினைப்பு. அந்த நாட்களில் என்னிடம் இருந்த பகிடி எல்லாம் செய்து பார்த்துவிட்டேன். கை வாய்க்குப் போகவே இல்லை.

ஓர் அலகும் ஒரு சோற்றுப் பார்சலும்

கடலுக்குப் பிறகு எங்கள் பக்கம் வந்த வான்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இறங்குகிறவர்கள் எல்லாம் எதையாவது படிப்பிக்கத்தான் வந்தார்கள். கை கழுவப் படிப்பித்தார்கள். மூச்சு விடப் படிப்பித்தார்கள். அதுவரைக்கும் நாங்கள் எப்படி விட்டோமோ தெரியாது.

புளியந்தீவில் ஒரு மண்டபத்தில் இரண்டு நாள் பயிற்சி வைத்தார்கள். கடலைக் கண்டு பயந்த பிள்ளைகளை எப்படித் தேற்றுவது என்று. எங்கள் பக்கப் பெண்களையும் கூப்பிட்டார்கள். என் வீட்டில் ஒரு பிள்ளை இருக்கிறதே என்று நானும் போனேன். மத்தியானம் சோற்றுப் பார்சலும் உண்டு.

மரம் ஒன்று கீறச் சொன்னார்கள். நான் முருங்கை கீறினேன், மயிர்க்கொட்டிப் புழுவோடு. படிப்பித்த பெண் பிள்ளை அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, "உங்கட மனசில என்ன கவலை அம்மா?" என்றாள். "இந்த மயிர்க்கொட்டிதான் கவலை மகள்" என்றேன்.

முடிவில் ஒரு சான்றிதழ்ப் பத்திரம் தந்தார்கள். அதில் தொடர்கல்வி அலகு ஒன்று என்று போட்டிருந்ததாம். நான் அந்தப் பிள்ளையை விடவில்லை.

"அலகு எண்டா என்ன மகள்? கோழிக்கு இரிக்கிறதுதான் எனக்குத் தெரியும்."

"பத்து மணித்தியாலம் ஒழுங்கா இருந்து பங்குபற்றினா ஒரு அலகு அம்மா. பொறுப்பான ஒரு அமைப்பு நடத்தோணும். தகுதியான ஆள் படிப்பிக்கோணும்."

"சோதனை?"

"சோதனை வைக்கிறது கட்டாயமில்ல."

எனக்குப் பொன் கிடைத்த மாதிரி. பத்து மணித்தியாலம் என் கையில். இதை வதனாவின் வாய்க்காலில் திருப்பிவிட்டால் எவ்வளவு மிச்சம்! பத்திரத்தைப் பன்பைக்குள் வைத்தேன். கம்பஸுக்குப் போன அன்று அதுவும் என்னோடு வந்தது.

சேர் சொன்ன கணக்கு

வகுப்பு முடிய சேர் என்னைக் கன்ரீனுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பிளேன்ரீ வாங்கித் தந்தார். நான் பத்திரத்தை நீட்டினேன். வயல் முறையையும் விளக்கினேன், அவருக்கும் தெரியட்டுமே என்று. பத்திரத்தை முன்னும் பின்னும் வாசித்தார். சிரிப்புக் காட்டவில்லை. நல்ல பெற்றார் வளர்த்த மனிசன்.

"அம்மா, இது வேற, அது வேற. இந்த அலகு, வேலை செய்ற ஆக்கள் தங்கட வேலையைப் பற்றி இன்னும் ஒள்ளுப்பம் அறிய வைக்கிறது. இதைப் பட்டத்துக்குக் கூட்ட ஏலா."

"ரெண்டும் மணித்தியாலம்தானே சேர்?"

"மணித்தியாலம்தான். ஆனா கிரெடிட் ஒண்டுக்குப் பதினைஞ்சு மணித்தியாலம் வகுப்பு. கிழமைக்கு ஒரு மணித்தியாலம் மாதிரி. அதோட முடியாது. வகுப்பில ஒரு மணித்தியாலம் இருந்தா, வீட்ட ரெண்டு மணித்தியாலம் தனிய இருந்து படிக்கோணும். அதையும் சேர்த்துத்தான் கிரெடிட். மறுகாதான் சோதனை."

"வீட்ட இருக்கிற அந்த ரெண்டையும் ஆர் எண்ணுற?"

"ஒருத்தரும் எண்ணுறல்ல."

"எண்ணாததையெல்லாம் ஏன் சேர் கணக்கில போட்டிரிக்கீங்க?"

இப்போது சிரித்தார். "பெரிய பங்கு அதுதானம்மா. எண்ண ஏலாது, அவ்வளவுதான்."

"அப்ப நான் இண்டைக்கு இருந்த மணித்தியாலம்?"

"வாய்க்கால் ஆள் பாக்காது. இது பாக்கும். இருந்த ஆளுக்குத்தான் போகும். உங்களுக்குப் புவியியல் தெரிய வந்திருக்கும்."

"பாகற்காய்தான் தெரிஞ்ச."

"அது எங்கட ஆறம்மா. ஊரில ஆறு எண்டு சொல்ற மட்டக்களப்பு வாவி."

நான் தேநீரைக் குடித்து முடித்தேன். கேட்க வேண்டியதை அதற்குப் பிறகுதான் கேட்டேன். "அவ வராம விட்டா, முந்தி எடுத்ததெல்லாம் பழுதாப் போயிருமா சேர்?"

"இல்ல. எடுத்த கிரெடிட் எடுத்ததுதான். இந்த வருசம் ஏலாட்டி அடுத்த வருசம் இந்த ஒரு பாடத்தை மட்டும் எடுக்கலாம். மற்றதெல்லாம் அப்பிடியே இரிக்கும்."

"கடல் வந்தாலும்?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "கடல் வந்தாலும் போகாதம்மா."

அந்த வருசம் முழுக்க எத்தனையோ பேர் எத்தனையோ ஆறுதல் சொன்னார்கள். கடல் வந்தாலும் போகாத ஒன்று இருக்கிறது என்று சொன்னவர் இவர் ஒருவர்தான்.

"எண்டாலும் நாளைக்கும் வரட்டா சேர்?"

"கணக்கில வராதே."

"வராட்டிப் போகட்டும். வாங்கு சும்மாதானே கிடக்கு."

அவர் தலையை ஆட்டினார். வா என்பதா, வேண்டாம் என்பதா என்று நான் கேட்கவில்லை. எனக்கு வசதியான பக்கத்துக்கு எடுத்துக்கொண்டேன்.

பிழையாகச் சொன்னது

அன்று பின்நேரம் வதனா குசினி வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் எங்கே போய் வந்தேன் என்று கேட்கவில்லை. நானே சொன்னேன்.

"உன்ட சேர்ட வகுப்புக்குப் போய் வந்தன் புள்ள. நல்லாப் படிப்பிக்கிறார். கடல் வந்தது பறுவத்தாலயாம். சந்திரன் இழுத்த இழுப்பாம்."

சேர் அப்படி ஒரு சொல்லும் சொல்லவில்லை. வேலிக்கு அங்கால நின்று பூமணி மச்சாள் சொன்ன கதை அது. சேர் சொன்னது ஒன்றும் எனக்கு விளங்கவில்லை. வெறுங்கையோடு வீட்டுக்கு வரக்கூடாதென்று வாயில் வந்ததைச் சொன்னேன்.

கீரை ஆய்ந்த கை நின்றது.

"அப்பிடி ஒரு சேரும் சொல்ல மாட்டார்."

என் காதில் எனக்கே நம்பிக்கையில்லை. எத்தனை மாதத்துக்குப் பிறகு முழுசாக ஒரு வசனம்! விடாமல் சண்டைக்கு நின்றேன்.

"சொன்னாரே! நான் காதால கேட்டன்."

"அம்மா, பறுவத்துக்கு வாறது வத்துப்பெருக்கு. இது கடலுக்கு அடியில நிலம் அசைஞ்சு வந்த. அண்டைக்குப் பறுவம் இல்லாட்டியும் வந்திரிக்கும். நத்தார் இல்லாட்டியும் வந்திரிக்கும். நாங்க வெள்ளன எழும்பி இருந்தாலும், எழும்பாட்டியும்…"

ஒரு கீரைத் தண்டை எடுத்து ஒடித்தாள். திரும்பவும் ஒடித்தாள்.

"எந்த வாங்கில இருந்தீங்க?"

"கடைசி வாங்கில."

"ரெண்டாவது வாங்கில ஆர் இரிக்கா?"

"சுவர்ப் பக்கம் ஒருத்தரும் இல்ல மனே. விட்டு வச்சிரிக்காங்க."

அப்போதுதான் அழுதாள். நான் கீரையை எடுத்து மிச்சத்தை ஆய்ந்தேன். பகிடி ஒன்றும் வரவில்லை, வந்திருந்தாலும் விழுங்கியிருப்பேன்.

பிழையாகச் சொன்னால் இந்தப் பிள்ளை பொறுக்காது என்று எனக்குப் பிடிபட்டுவிட்டது. விடுவேனா? ஒவ்வொரு நாளும் போனேன். ஒவ்வொரு நாளும் கம்பஸில் இருந்து ஒரு புதுப் பிழை கொண்டு வந்தேன். மகாவலி கங்கை எங்கள் ஆற்றுக்கு அக்கா முறையாம் என்றேன். மழை எல்லாம் இந்தியாவில் செய்து கப்பலில் வருகிறதாம் என்றேன். வதனா முதலில் திருத்தினாள், பிறகு ஏசினாள். பிறகு ஆணியில் தொங்கிய பையை இறக்கி, கொப்பியை விரித்துக் காட்டினாள்.

"இஞ்ச பாருங்க, இப்பிடித்தான். என்ட சேர்ட மானத்த வாங்காதீங்க!"

"உன்ட கொப்பி எழுத்து எனக்கு வாசிக்க விளங்காதே. சேர் சொன்னதைத்தானே நான் சொல்ற."

அடுத்த நாள் காலமை நான் சேலை உடுத்து வெளியே வர, அவள் படலையில் நின்றாள், தோளில் பை. நானும் பின்னால் போனேன். பஸ் வந்தது. என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீங்க வேணாம். ஒரு முறைக்கு ரெண்டு பேர் இருந்தா விதானை ஏசுவார்."

பஸ் போனது. யன்னலில் அவள் கை வாய்க்குப் போனதைக் கண்டேன். கண்டேன் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

அந்த வருச வரவு அவளுக்குப் போதவில்லை. சோதனைக்கு விடவில்லை. அடுத்த வருசம் சின்னப் பிள்ளைகளோடு இருந்து அந்த ஒரு பாடத்தைத் திரும்ப எடுத்தாள். இரண்டாவது வாங்கு. சுவர்ப் பக்கத்து இடத்தில் தன் பையை வைப்பாளாம், வேறு ஆள் வந்து இருக்காமல். பேத்தி கேட்ட அந்த ஒரு வருசம் இதுதான்.

அங்கே ஒன்று, இங்கே இரண்டு

நாட்டில் சண்டை ஓய்ந்த காலத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது, வடக்கே முகாம்களில் இருந்த பிள்ளைகளோடு. கடலைக் கண்ட பிள்ளைகளை அன்று பயிற்சிக்காரர் தேற்றிய மாதிரியே, இப்போது இவள் சண்டையின் செல்லடியைக் கண்ட பிள்ளைகளை. அங்கேயே ஒருவரைக் கண்டாள், கலியாணம் முடித்தாள். அவருக்கு வெளிநாட்டில் ஆட்கள் இருந்தார்கள். கூட்டிக்கொண்டு போனார்.

அங்கேயும் அதே வேலைதான், பயந்த பிள்ளைகளோடு. ஆனால் அந்த வேலையில் நிற்க வேண்டுமென்றால் இத்தனை காலத்துக்கு இத்தனை அலகு சேர்க்க வேண்டுமாம். பத்து மணித்தியாலத்துக்கு ஒன்று. லீவு கிடைத்தால் அதற்குப் போகிறது. "இந்தத் தவணை வாறன் அம்மா" என்பாள். பிறகு, "ஒரு அலகு குறையுதம்மா, முடிச்சிட்டு வாறன்" என்பாள். அலுமாரியில் என்னுடையது ஒன்று சும்மா கிடக்கிறது, அனுப்பட்டுமா என்று கேட்டேன். சிரித்தாள். தொலைபேசியில் கை வாய்க்குப் போகிறதா என்று தெரிவதில்லை.

அவளைப் பிளேனுக்கு ஏற்றிக்கொண்டு வான் போன அன்று காலமை ஞாபகம் இருக்கிறது. வாசலில் சில்லுத் தடம் ஈரமாகக் கிடந்தது. நான் கூட்டவில்லை. உள்ளே தலையணையைத் தூக்கிப் பார்த்தேன். நீலச் சட்டை இல்லை. கொண்டுபோய்விட்டாள். நல்லது.

பூமணி மச்சாளும் இன்னும் இரண்டு பேரும் வேலிக்கு வந்தார்கள்.

"போயிற்றாளாகா?"

"ஓம்."

"எப்ப வருவாளாம்?"

"சொல்லல்ல."

"அவதான் படிச்சு முடிச்சிட்டாளே. பட்டமும் எடுத்திட்டாள். இனி உனக்கென்னகா, காலை நீட்டிக்கொண்டு இரிக்கிறதுதானே?"

"ஆர் மச்சாள் சொன்ன முடிஞ்செண்டு? அந்தக் கணக்கு உங்களுக்குத் தெரியா. அங்க ஒரு மணித்தியாலம் எண்டா, வீட்ட ரெண்டு மணித்தியாலம் தனிய இரிக்கோணும். அங்க உள்ளத அவ இரிப்பாள். வீட்ட உள்ள ரெண்டையும் நான் இரிக்கன்."